மீனோ வளரக்கூடாது, பேத்தா வளரவேண்டும்

என் அண்ணி தொனாத்தாவைக் கஞ்சம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் சொல்லலாம். நான் நாத்தனார், எனக்கு அந்த உரிமை இருக்கிறது. அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் வெளியாள் சொல்லக்கூடாது. நான் வேலை பார்க்கிற ரொட்டிக் கடைக்கே வந்து நின்றுகொண்டு, உங்க அண்ணி எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டாளாமே என்று ஒருத்தி சிரித்தாள். அன்று அவளுக்கு ஓரம் கருகிய ரொட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

தொனாத்தா மலைப்பக்கத்து ஊர்க்காரி. எங்கள் ஊர் பார்லெத்தாவில் கடற்கரைச் சாலை நெடுக இருக்கிற அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவி விடுவதுதான் அவள் தொழில். ஒரு எலுமிச்சம்பழம் அவள் கையில் அகப்பட்டால் அதன் பாடு திண்டாட்டம். சாறு கீரைக்குப் போகும். தோல் வாளித் தண்ணீரில் விழுந்து நாலு மாடிப் படிக்கட்டையும் மணக்க வைக்கும். அந்த வீட்டுக்காரர்கள் இது என்ன சோப்பு, எந்தக் கடையில் வாங்குகிறாய் என்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு விஷயத்தில் என்ன செய்தாள் தெரியுமா? வருமானத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் சாப்பாட்டுக் கட்டணம் பாதியாகும். தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். என் அண்ணன் சவீனோவும் அதைத்தான் சொன்னான். சோறு போடுகிறவர்களிடம் பொய் சொல்லிவிட்டு அந்தச் சோற்றை என் பிள்ளை எப்படித் தின்னும் என்று கேட்டாளாம். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை வரைக்கும் அவனோடு பேசவில்லை. இவளைக் கஞ்சம் என்பதா, ஊதாரி என்பதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மே மாதம் தொனாத்தாவின் மகள் பேத்தாவுக்குப் புதுநன்மை, அதாவது கோவிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் ஊரில் புதுநன்மை என்றால் அது குட்டிக் கல்யாணம். வெள்ளைக் கவுன், கிரீடம், கடலோர ஹோட்டலில் பந்தி, பந்தியில் மீன் வந்து, இறைச்சி வந்து, மறுபடி மீன் வந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் சர்க்கரைப் பாதாம் கட்டிய பொட்டலம். கடன் வாங்கியாவது செய்துவிடுவார்கள். எங்கள் ஜெரார்தா பெரியம்மா, என் அப்பாவின் அண்ணன் மனைவி, எந்த ஹோட்டல் என்பதை ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டாள். செலவு செய்யப்போவது அவள் இல்லை என்பதால் நல்ல ஹோட்டலாகத்தான் முடிவு செய்திருந்தாள்.

தொனாத்தா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மகளைச் சமையலறை மேசைமேல் தூக்கி உட்கார வைத்தாள். நம்மிடம் இருப்பது ஒரு விருந்துக்கான பணம்தான். அதை வைத்து உறவுக்காரர்களுக்குப் பந்தி போடலாம், இல்லை ரோமுக்குத் தெற்கே இருக்கிற அந்தப் பெரிய பார்க்குக்கு நாம் போய்விட்டு வரலாம், இரண்டில் ஒன்றுதான், நீயே சொல் என்றாள். பேத்தா அரை நொடிகூட யோசிக்கவில்லை.

அவள் ஏன் யோசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். என் அண்ணன் மகளின் முழுப்பெயர் ஸ்தெர்பேத்தா. எங்கள் ஊர் மாதாவின் பெயர். பெயர் நீளம், ஆள் குட்டை. வகுப்புப் புகைப்படம் எடுத்தால் முன்வரிசை ஓரத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்போதும் அவள்தான். அதற்கு முந்தின கோடை லீவில் அவள் வகுப்புப் பையன் ஒருவன், மருந்துக் கடைக்காரர் மகன், அந்தப் பார்க்குக்குப் போய் 'கறுங்கழுகு' என்கிற ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டு வந்திருந்தான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. உன்னை அதில் விடமாட்டார்கள், நீ குட்டிப் பிள்ளைகளோடு வாத்து வண்டி ஓட்டலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பார்க் என்றால் அவளுக்கு அந்தக் கழுகு ஒன்றுதான். அதில் ஏறவேண்டும், ஏறிவிட்டு வந்து வகுப்பில் சொல்லவேண்டும்.

தொனாத்தா திட்டம் போட ஆரம்பித்தாள். அடேயப்பா, ஒரு கல்யாணத்துக்குக்கூட அப்படி யாரும் திட்டம் போட்டிருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் மூடின பிறகு, ஆனால் கோடைக் கட்டணம் ஏறுவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. பார்க்குக்குப் பக்கத்து ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதி, ஹோட்டலில் கால் பங்கு காசு. விடியற்காலைப் பஸ். மதியம் ஒரு வேளை மட்டும் பார்க்குக்குள் உட்கார்ந்து, தட்டில் வாங்கிச் சாப்பிடுவது, ஏனென்றால் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு ஆசை. மற்ற வேளைக்கெல்லாம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது. நானும் வருகிறேன் என்றேன். என் டிக்கெட் என் காசு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஒன்றும் பேசக்கூடாது.

எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது, உயரத்தைத் தவிர. கழுகில் ஏற ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் வேண்டும். அதே சமயம் ஒரு மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. சமையலறைக் கதவு நிலையில் நிற்க வைத்து அளந்து பார்த்தாள். பேத்தா ஒன்று இருபதுக்கு இரண்டு விரல் குறைவு. அவள் தம்பி மீனோ ஒரு மீட்டருக்கு இரண்டு விரல் குறைவு. மார்ச் மாதம் இது. ஜூனுக்குள் ஒருத்தி வளரவேண்டும், ஒருத்தன் வளரக்கூடாது. இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே சட்டிச் சாப்பாடு. பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தால் பேத்தா எப்படியும் எட்டிப்பிடித்துவிடுவாள். ஆனால் அந்தப் பயல் பூசணிக்கொடி மாதிரி போய்க்கொண்டிருக்கிறான், அதற்குள் ஒரு மீட்டரை எப்போதோ தாண்டியிருப்பான். அவனுக்கும் ஒரு டிக்கெட் என்றால் தொனாத்தா போட்ட கணக்கு கையைக் கடிக்கும். ஜூன்தான் என்று நின்றாள்.

அவள் நேரான வழியில் திட்டம் போட்டாள். நானும் என் அண்ணனும் கொஞ்சம் கோணலான வழியில் ஒத்தாசை செய்தோம். சவீனோ ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கட்டட வேலைக்காரர்கள் போடுகிற இரும்பு மூக்கு ஷூ செய்கிற கம்பெனி. கை தேர்ந்தவன். புதுநன்மைக்கு மகளுக்கு வெள்ளை ஷூ நானே செய்கிறேன், கடையில் வாங்கவேண்டாம் என்றான். தொனாத்தாவுக்குக் கேட்கவேண்டுமா, சந்தோஷமாகச் சரி என்றாள். அந்த ஷூவை வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஷூ. உள்ளே மட்டும் குதிகால் பக்கம் கார்க் வைத்து, அதன்மேல் தோல் ஒட்டி, யாருக்கும் தெரியாமல் உயர்த்தியிருந்தான். மகளிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்தான். அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குள்ளேயே நடந்த நடையைப் பார்க்கவேண்டும், மேயர் மாதிரி நடந்தாள். மீனோவுக்கு ஒரு செருப்பு செய்தான், சோல் காகிதக் கனம். ஏன் இவ்வளவு மெல்லிசு என்று தொனாத்தா கேட்டதற்கு, வெயில் காலம், காலுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கூசாமல் சொன்னான்.

நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். தரையில் கிடக்கிற பிள்ளையைத் தாண்டினால் அது வளராது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீனோ எந்நேரமும் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கார் ஓட்டுகிறவன். நான் காப்பி எடுக்கப் போகிறவள் மாதிரி அவனைத் தாண்டிப் போனேன். சர்க்கரை எடுக்கிறவள் மாதிரி சுற்றி வந்து மறுபடி தாண்டினேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு டிக்கெட் மிச்சமானால் யாருக்கு நஷ்டம்? மூன்றாவது தடவை கால் தூக்கும்போது தொனாத்தா பார்த்துவிட்டாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"சென்சா, எத்தனை தடவை தாண்டுன?"

நான் சொன்னேன்.

"அத்தனை தடவையும் திரும்பித் தாண்டு. பின்பக்கமாவே போடி."

பின்பக்கமாகத் தாண்டினால் பலிக்காது என்பார்கள். என் வயதுக்கும் உடம்புக்கும் பின்பக்கமாக ஒரு பிள்ளையைத் தாண்டுவது சாமானிய காரியமா? மேசையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். மீனோ விளையாட்டென்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். முடித்த பிறகும் அவள் கோபம் ஆறவில்லை.

"என் புள்ள வளந்தா டிக்கெட் வாங்கிக்குவேன். வளராம நின்னுட்டா அதை எந்தக் கடையில போயி வாங்குறது?"

அன்று காப்பியைச் சர்க்கரை இல்லாமலே குடித்தேன்.

புதுநன்மை அன்று கோவிலில் பேத்தா எல்லோருக்கும் முன்னால் போனாள், குட்டையானவர்கள் முன்னால் என்று பங்குச் சாமியார் வரிசை வைத்திருந்தார். விருந்தை வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துகிற கூடத்தில் வைத்தோம். பந்தி மேசைகளைச் சாமியாரே கொடுத்தார். நான் கடையிலிருந்து தக்காளி பதித்த ஃபொக்காச்சா ரொட்டி தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தேன். தொனாத்தா கத்தரிக்காய், மீட்பால், அடுப்பில் வாட்டிய பாஸ்தா என்று தனியாளாகச் சமைத்திருந்தாள். யாரும் குறை சொல்ல முடியாத சாப்பாடு. ஆனால் குறை சொல்வதற்கென்றே பிறந்தவர்கள் இருக்கிறார்களே. ஜெரார்தா பெரியம்மா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடவுளை வாங்கின பிள்ளைக்கு ஹோட்டல் விருந்து இல்லையாம், ராட்டினமாம் என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

அந்த வாரமே பேத்தாவின் பிறந்தநாளும் வந்ததால் வந்தவர்கள் எல்லோரும் அவள் காதைப் பிடித்து இழுத்தார்கள். பிறந்தநாளில் காதை இழுத்தால் பிள்ளை நெடுநெடுவென்று வளரும் என்பது கணக்கு. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாக எல்லோரிடமும் காதைக் காட்டினாள், இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டன. பெரியம்மா முறை வந்தது. இழுத்தாள். இழுத்துவிட்டு, இது எவ்வளவு இழுத்தாலும் வளராது, குட்டைத் தாயைக் கொண்டிருக்கிறது என்றாள். போய்விட்டு வந்து போட்டோ காட்டுங்கள், ஏறினாளா இல்லையா பார்ப்போம் என்று வேறு சொன்னாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தொனாத்தா என் கையை மேசைக்கு அடியில் இறுகப் பிடித்தாள். பிறகு எழுந்து போய்ப் பெரியம்மா தட்டில் இன்னும் இரண்டு மீட்பால் வைத்தாள்.

அதற்குப் பிறகு இந்தப் பயணம் வெறும் பயணமாக இல்லை. அந்தப் பிள்ளை கழுகில் ஏறியே ஆகவேண்டும். ஏறாமல் திரும்பி வந்தால் வகுப்பும் சிரிக்கும், குடும்பமும் சிரிக்கும். விருந்துப் பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று பெரியம்மா சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். தொனாத்தா அதற்குப் பிறகு பிள்ளைகளை அளக்கவே இல்லை. அளந்தால் என்ன வருமோ என்று அவளுக்கும் பயம்.

ஜூனில் கிளம்பினோம். பஸ்ஸில் ஏறின கொஞ்ச நேரத்திலேயே எங்கள் சாப்பாட்டுப் பையின் வாசனை பஸ் முழுக்கப் பரவி, முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தொனாத்தா அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். பாருங்கள், இவளைத்தான் கஞ்சம் என்கிறார்கள். கன்னியாஸ்திரி விடுதியில் ஆண்களுக்கு ஒரு தாழ்வாரம், பெண்களுக்கு ஒரு தாழ்வாரம். சவீனோ மகனைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறவன் மாதிரி அந்தப் பக்கம் போனான். தொனாத்தா ஏறும்போதே படிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலைக் காப்பியின்போது மதர் சுப்பீரியரிடமே வாளியில் எலுமிச்சைத் தோல் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பேனா எடுத்துக் குறித்துக்கொண்டார்.

பார்க் வாசலில் மரத்தில் செய்த ஒரு கரடி நிற்கிறது. நீட்டிய அதன் கைக்கு அடியில் தலை இடிக்காமல் நடந்து போகிற பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. டிக்கெட் கொடுக்கிற பெண் மீனோவைப் போகச் சொன்னாள். அவன் கரடியின் கைக்கு அடியில் இடிக்காமல் போனான். அந்தப் பெண் சரி என்று கையசைத்துவிட்டாள். எனக்கு நிம்மதி. சவீனோவும் மூச்சு விட்டான்.

தொனாத்தா மட்டும் நகரவில்லை. மகனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முழங்கால் இரண்டையும் மடக்கி, முதுகைக் கூனி, வாத்து நடப்பது மாதிரி நடந்து போயிருந்தான். யாரும் சொல்லித்தரவில்லை. நான் மாதாமேல் சத்தியம் செய்கிறேன், நான் சொல்லித்தரவில்லை. மூன்று மாதமாக வீட்டில் எல்லோரும் பேசியதைத் தரையில் கார் ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"மீனோ, இங்க வா. ஏன்டா முட்டியை மடக்குன?"

"நான் வளரலம்மா," என்றான். அம்மாவைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவள் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஹோட்டல் விருந்து பற்றிப் பெரியம்மா பேசியபோதுகூட அப்படிப் போகவில்லை. அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் கால்களை நேராக்கினாள், முதுகைத் தடவிவிட்டாள்.

"நிமிந்து நில்லுடா."

நிமிர்ந்தான். கரடியின் கை அவன் முன்மண்டையில் இடித்தது. அவ்வளவு மெல்லிய செருப்பிலும் இடித்தது. டிக்கெட் பெண் நல்லவள். பரவாயில்லை அம்மா, போங்கள், பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்றாள். சவீனோ அதுதான் சொல்கிறார்களே என்று முணுமுணுத்தான். நானும் இடுப்பில் இடித்தேன். இவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"எம்பையன் வளந்துட்டான்மா. பெரிய பையனுக்கு ஒரு டிக்கெட் குடுங்க," என்றாள்.

மதியம் உட்கார்ந்து சாப்பிட என்று தனியாக வைத்திருந்த பணம் அதோடு போயிற்று. நேற்றைய ஃபொக்காச்சா மிச்சம் இருக்கிறது, அதுதான் மதியத்துக்கு. கையில் வந்த இலவசத்தைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்த ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆனால் மீனோவைப் பார்க்கவேண்டுமே. அந்த டிக்கெட்டை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம் நான் டிக்கெட் வாங்கின ஆள் என்று காட்டிக்கொண்டே நடந்தான். பேத்தா அவனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நேரே கழுகுக்குப் போனோம். நீளமான வரிசை, மேலே இரும்புத் தண்டவாளம் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது. ஒவ்வொரு தடவை வண்டி போகும்போதும் தரை அதிர்ந்தது. பேத்தா என்னோடு முன்னால் நின்றாள், தொனாத்தா மகனோடு பின்னால் வந்தாள். சவீனோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். ஷூ இருக்கிறது, கவலை வேண்டாம் என்று அர்த்தம். வரிசையின் முடிவில் குறுக்குக் கட்டை வைத்த ஒரு அளவுகோலும் அதன் பக்கத்தில் ஒரு இளைஞனும். பேத்தா கோலின் அடியில் நின்றாள். தலை சரியாகத் தொட்டது. பையன் ஒரு பார்வை பார்த்தான், சரி என்று தலையாட்டிக் கம்பியைத் தூக்கினான்.

பேத்தா ஒரு அடி உள்ளே வைத்தாள். நின்றாள். பிறகு வெளியே வந்து, அத்தனை பேர் நடுவிலும் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். எனக்குப் புரிவதற்குள் இரண்டையும் கழற்றிவிட்டாள். வெறும் சாக்ஸோடு போய் மறுபடி கோலின் அடியில் நின்றாள். முதுகை நேராக்கி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கோலுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷூவோடுதான் அளக்கவேண்டும், அதுதான் விதி, போட்டுக்கொண்டு வா பாப்பா, ஏறலாம் என்றான்.

"அது என் உயரம் இல்லண்ணா," என்றாள் பேத்தா. "எங்கப்பா உயரம்."

சவீனோ முகத்தில் ஈயாடவில்லை. தொனாத்தா குனிந்து ஒரு ஷூவை எடுத்தாள், உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். குதிகால் பக்கம் கார்க் மேட்டில் விரல் நின்றது. நான் அண்ணனுக்கு இன்று பூசை நிச்சயம் என்று நினைத்தேன். அவள் அவனைத் திட்டவில்லை. மகளைப் பார்த்தாள். மகளுக்கு உதடு துடித்தது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் கோலின் அடியிலிருந்து அவள் அசையவில்லை, மோவாயும் இறங்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தப் பையன்மேல், விதிமேல், ஒரு விரல் வளராமல் போன அந்த எலும்பின்மேல். நானாக இருந்தால் ஷூவை மாட்டிக்கொண்டு ஏறி இரண்டு சுற்று வந்திருப்பேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். விருந்தை விட்டு, சாப்பாட்டை விட்டு, இவ்வளவு தூரம் வந்து, ஏறுவதற்குக் கம்பியைத் தூக்கிய பிறகு ஒரு பிள்ளை திரும்பி வருகிறது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதே சமயம் அந்தப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பார்லெத்தா முழுக்க ஒரு சுற்று வரவேண்டும் போலவும் இருந்தது. அப்படி ஒரு பெருமை.

பேத்தா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, நீ ஏறு."

தொனாத்தா திகைத்துப் போனாள். தான் கழுவுகிற கட்டடங்களின் லிஃப்டில்கூட அவள் ஏறமாட்டாள், அது நின்றுவிடுமோ என்று பயம். நானா, எனக்கு முடியாது, அப்பா ஏறட்டும், சென்சா அத்தை ஏறட்டும் என்று தட்டிக் கழித்தாள். நான் உடனே நாலு அடி பின்னால் போய்விட்டேன்.

"காசு குடுத்தாச்சும்மா," என்றாள் பேத்தா. "வீணாப் போகக்கூடாது. நீ ஏறிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. அடுத்த வருஷம் நானே பாத்துக்கிறேன்."

காசு வீணாகக்கூடாது என்றால் தொனாத்தாவால் அதற்குப் பதில் சொல்ல முடியுமா? கைப்பையை என்னிடம் கொடுத்தாள். மூக்குக் கண்ணாடியைச் சவீனோவிடம் கொடுத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் பையன், இதுவரை நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவன், அவளை முன்வரிசைக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, கம்பியை அவனே இறக்கிப் பூட்டினான். அந்தப் பெரிய இருக்கையில் அவள் கால் தரையில் எட்டவில்லை.

வண்டி மெதுவாக ஏறத் தொடங்கியது. பேத்தா சாக்ஸ் காலோடு வேலிப் பக்கம் ஓடினாள், நாங்கள் அவள் பின்னால் ஓடினோம். உச்சியில் ஒரு நொடி நின்றது. பிறகு விழுந்தது. என் அண்ணி போட்ட கூச்சல் எத்தனையோ பேர் கூச்சலுக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது, எங்கள் மீன் சந்தையில்கூட அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. தலைகீழாகப் போனாள், திரும்பினாள், தலைமுடி கலைந்து முகத்தில் அடிக்க மறுபடி எங்கள் தலைக்கு மேலே போனாள். இந்தத் தடவை கூச்சல் மாறியிருந்தது. சிரிக்கிறாள். தொண்டை கிழியச் சிரித்துக்கொண்டு, கம்பியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிவிட்டாள்.

வேலியோரம் நின்றிருந்த நெட்டையான பையன்கள் சிலர் அண்ணாந்து பார்த்துவிட்டு, யார் இந்த அம்மாள், இப்படிக் கத்துகிறாள் என்று சிரித்தார்கள்.

பேத்தா வேலியின் கீழ்க்கம்பியில் ஏறி நின்றாள். இப்போது அவர்கள் உயரத்துக்கு இருந்தாள்.

"எங்கம்மா," என்றாள்.